மூன்று அடுக்குக் கறுப்பு

ஸ்டிக்கர் ஒட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதை அவனே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான் என்பதுதான் கொஞ்சம் சங்கடம். கடைப் பலகை, பஸ்ஸின் முதுகு, ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு, எதைக் கொடுத்தாலும் ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டித் தருவான். எங்காவது கடுகளவு காற்று அடைபட்டு நின்றால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அதனாலேயே தொழில் செய்பவர்கள் மத்தியில் அவனுக்குக் 'குமிழி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்ட குமிழி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போர்ட்டிகோவில் நின்ற தன் காருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் அடைத்த ஸ்ப்ரே பாட்டில், பிளேடு, தேய்க்கிற பிளாஸ்டிக் தகடு, தலைமுடி காய வைக்கும் டிரையர், ஒரு சுருள் கறுப்பு ஃபிலிம்.

அவனுடைய அக்கா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். தையல்காரி. தம்பியின் வீட்டில் சாவு விழுந்தபோது பத்து நாள் துணைக்கு என்று வந்தவள். அந்தப் பத்து நாள் நாலு மாதமாகிவிட்டது. தையல் மெஷினும் பின்னாலேயே வந்து கூடத்தில் இடம் பிடித்துவிட்டது.

"நல்லா எரியுற விளக்குல எதுக்குடா கரி பூசறே?"

"ஸ்டைலுக்கா. இப்ப எல்லாரும் போடறாங்க."

"ஸ்டைலு! மூணு நாளா ஒரே சட்டையில திரியறவனுக்கு ஸ்டைலு ஒண்ணுதான் குறைச்சல்."

அவன் விளக்கின் கண்ணாடி மூடியைக் கழுவித் துடைத்து, சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமை அதன் மேல் விரித்தான். விளக்கின் வளைவுக்கு ஃபிலிம் லேசில் மடங்காது. டிரையரின் சூட்டில் அது இளகும்போது ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும், தயங்கினால் சுருங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தகட்டால் தள்ளத் தள்ள, தண்ணீரும் காற்றும் வெளியேறி, ஃபிலிம் தோலைப் போல ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் பிளேடை ஓட்டி மிச்சத்தை உரித்தான். ஒரு விளக்குக்கு நாற்பது நிமிடம். இரண்டும் முடிந்ததும் எழுந்து தள்ளி நின்று பார்த்தான். ஒரு குமிழி இல்லை. கார் கண்ணை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஸ்டைல் என்பதெல்லாம் சும்மா. விஷயம் மாடி அறையின் கூரையில் இருந்தது.

வீடு ஒரு ஏற்றமான தெருவின் வளைவில் இருக்கிறது. சாயங்காலம் இருட்டியபின் ஏறி வரும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவதால், அதன் வெளிச்சம் மாடி ஜன்னல் வழியாகப் புகுந்து அறையின் கூரையில் விழும். தெருவோடு போகிற காரென்றால் வெளிச்சம் அலமாரி உச்சியில் தொடங்கி, ஃபேன் வரைக்கும் ஓடி, அப்படியே ஜன்னல் மூலைக்குத் திரும்பிவிடும். இந்த வீட்டுக்குத் திரும்புகிற கார் என்றால் மட்டும் ஃபேனைத் தாண்டி, எதிர்ச் சுவரில் இறங்கி, அறைக்கதவின் மேல் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்தவள் அவனுடைய மகள். ஒன்பது வயது, வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் கதவுக்கு வந்ததும் "அம்மா வந்தாச்சு!" என்று வீடு அதிரக் கத்துவாள்.

அம்மா, அதாவது குமிழியின் மனைவி, ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கார் அவளுடையது. தினமும் ஆறே முக்காலுக்கு வருவாள். வந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, விளக்கை இரண்டு தடவை அடிப்பாள். உள்ளே இருப்பவர் போய்த் திறக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். காரணமில்லாத சட்டமில்லை. போர்ட்டிகோ குட்டையானது. கதவு உள்பக்கம் மடங்க இடமில்லாததால் கேட் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளிருந்து தள்ளினால் ஒன்றுமில்லை. வெளியிலிருந்து திறப்பவர் கம்பிக்குள் கை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்து, கதவை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து தெருவுக்குள் போக வேண்டியிருக்கும். அதோடு ஒரு பக்கக் கதவு தொங்கிப் போயிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் அசையும். "இந்தக் கீலைச் சரி பண்ணேன்" என்று அவள் ஆறு வருடமாகச் சொன்னாள். அவனும் ஆறு வருடமாக "வர்ற ஞாயித்துக்கிழமை" என்றான்.

கார் உள்ளே வந்த பிறகும் அவள் விளக்கை அணைக்க மாட்டாள். இருட்டில் தாழ்ப்பாளோடு அவன் மல்லுக்கட்டுவது தெரியும். ரிவர்ஸ் விளக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே "போட்டாச்சா?" என்று கேட்பாள். அவன் "போட்டாச்சு" என்று சொன்ன பிறகுதான் அணைப்பாள்.

இப்போது அந்தக் காரை அவன் ஓட்டுகிறான். கடையை மூடிவிட்டு ஆறே முக்காலுக்கு வருகிறான். வெளிச்சம் கூரையில் ஏறிக் கதவுக்கு வருகிறது. மேலே இருந்து வாண்டு கத்துகிறாள்: "அம்மா வந்தாச்சு!"

அடுத்த நொடி அவளுக்கே நினைவு வந்து வாயை மூடிக்கொள்வாள். அந்த அமைதிதான் அவனால் தாங்க முடியாதது. நாலு மாதம் பொறுத்தான். வெளிச்சம் மாடிக்கு ஏறாவிட்டால் கத்தவும் மாட்டாள், மறக்கவும் தொடங்குவாள் என்று கணக்குப் போட்டான். மகளுக்காகத்தான் செய்கிறோம் என்று தன்னையே நம்பவும் வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தான். கார் ஏற்றத்தில் ஏறியபோது முன்னால் பழுப்பாக ஒரு மங்கல், அவ்வளவுதான். மாடி ஜன்னல் இருண்டே கிடந்தது. சத்தம் இல்லை. கேட்டைத் திறந்துவிட்ட அக்கா, "உன் விளக்கு இருக்கற லட்சணத்துக்கு முன்னாடி நான் தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு ஓடணும் போல" என்றாள். அவனுக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

சாப்பிடும்போது வாண்டு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு அம்மா உனக்கு முன்னாடியே வந்தாச்சு."

அவன் கை நின்றது. "என்னடா சொல்றே?"

"லைட்டு வந்துச்சு. கதவு வரைக்கும். நீ அதுக்கப்புறம்தான் வந்தே. உன் லைட்டு வரவே இல்லை."

"வேற வண்டியாயிருக்கும் கண்ணு."

"வேற வண்டி ஃபேனோட திரும்பிடும்" என்றாள் வாண்டு. அப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பவளைப் போல.

மறுநாள் அவன் கடைக்கு அரை நாள் விடுப்பு விட்டான். காரை மதியமே ரிவர்ஸில் உள்ளே விட்டு நிறுத்தினான். கேட்டைப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆறரைக்கு மாடிக்குப் போய் மகளின் கட்டிலில் உட்கார்ந்தான். வாண்டு தரையில் குப்புறப் படுத்து ஆறுகளின் படம் வரைந்துகொண்டிருந்தாள். கீழே அக்காவின் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

ஆறே முக்காலுக்கு அலமாரியின் உச்சி வெளுத்தது.

வெளிச்சம் கூரையில் நகர்ந்து வந்தது. அவசரமே இல்லை. ஃபேனுக்கு வந்தது. அதன் மூன்று இறக்கைகளின் நிழல்களும் கூரையில் நீண்டு சுற்றின. திரும்பிவிடும், இதோ திரும்பிவிடும் என்று அவன் பல்லைக் கடித்தான். திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் இறங்கி, கதவின் மேல் வந்து நின்றது. நல்ல வெள்ளை வெளிச்சம். கதவில் வாண்டு எப்போதோ ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரின் கால்கூடத் தெரிந்தது.

பிறகு அது இரண்டு தடவை அணைந்து எரிந்தது.

கீழே மெஷின் சத்தம் நின்றுபோனது.

அவன் ஜன்னலுக்குப் போனான். தெருவில் ஒரு வண்டி இல்லை. ஆனால் கேட்டின் கம்பி நிழல்கள் வரிவரியாகப் போர்ட்டிகோவுக்குள் விழுந்திருந்தன. உள்ளே நின்ற அவனுடைய காரின் மேல், கறுப்பு ஒட்டிய அந்த இரண்டு விளக்குகளின் மேலும், கம்பி நிழல் படுத்திருந்தது. கேட்டுக்கு வெளியே, அந்த நிழலை உண்டாக்க எதுவுமே இல்லை.

மறுபடியும் இரண்டு தடவை.

"அப்பா, ரெண்டு தடவை அடிச்சாச்சு" என்றாள் வாண்டு. பயமில்லாத குரல். "போய்த் திறக்கலையா?"

அந்த வார்த்தை. அதே வார்த்தை. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, கூடத்தில் ஒரு பெரிய பலகையை விரித்துப் போட்டு அவன் ஒட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை. ஒரே ஒரு குமிழி நடுவில் நின்று வம்பு பண்ணியது. மாடியிலிருந்து வாண்டு, "அப்பா, ரெண்டு தடவை அடிச்சாச்சு!" என்று கத்தினாள். கூடத்து ஜன்னலில் அவனும் பார்த்தான். "ரெண்டு நிமிஷம்" என்றான். மறுபடி அடித்தது. பார்த்தான். குமிழி ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் அடித்தது. அப்புறம் அவளே இறங்கியிருக்கிறாள். கம்பிக்குள் கை விட்டு, தொங்கிய கதவைத் தூக்கி, இழுத்துக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறாள். மேலேயிருந்து வளைவில் இறங்கிய சரக்கு வேன் அவளைப் பார்க்கவில்லை. அவன் ஓடிப்போனபோது காரில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு விளக்கும் கேட்டைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தன.

'உள்ள வேலையா இருந்தேன், வண்டி வந்ததையே கவனிக்கலை' என்று எல்லாரிடமும் சொன்னான். போலீஸிடமும் அதையே சொன்னான். எல்லாரும் வேன்காரனைத் திட்டினார்கள். உண்மை தெரிந்தவள் வாண்டு ஒருத்திதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய கத்தல் அவனுக்கு ஏன் ஆகவில்லை என்பது இப்போது விளங்கும்.

"அது நம்ம வண்டி இல்லை" என்றான், ஜன்னலை விட்டு நகராமல்.

மூன்றாவது தடவை அடித்தது. சற்று நேரம் காத்திருந்தது. பிறகு அணைந்தது.

வாண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "பாவம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஆற்றுக்கு நீலம் தீட்டப் போய்விட்டாள்.

கீழே அக்கா கேட்டாள். "யாரு வந்தது? கேட்டுக்கிட்ட வண்டி உறுமிக்கிட்டே நின்ன மாதிரி இருந்துச்சு."

"யாருமில்லைக்கா."

போர்ட்டிகோவுக்குப் போய்க் காரின் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

விடிந்ததும் அவன் செய்த காரியத்துக்கு நியாயம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பயந்தவனுக்கு ஏது நியாயம்? மறுபடி சோப்புத் தண்ணீரை எடுத்தான். முதல் அடுக்கின் மேல் இரண்டாவது அடுக்கு, அதற்கு மேல் மூன்றாவது. குமிழியில்லாமல்தான் ஒட்டினான், பழக்க தோஷம். பட்டப் பகலில் விளக்கைப் போட்டுக் கையை முன்னால் நீட்டினால், கையில் வெளிச்சம் பட்டதா என்றே சந்தேகமாக இருந்தது.

அக்கா டீயோடு வந்தாள். பார்த்தாள். டீயைத் திண்டில் வைத்தாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமாடா?"

"உனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கு எதுவும் தெரியாது. நீ தூங்கறதில்லைங்கறது மட்டும் தெரியும்."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழையில்லை, விடாத தூறல். குமிழி கடையை மூடிக் கிளம்பினான். தெருவிளக்கு இருக்கும் இடங்களில் ஒருவழியாக ஓட்டினான். வீட்டுத் தெருவுக்குத் திரும்பியதும் அதுவும் இல்லை. ஏற்றத்தில் எத்தனையோ வருடம் ஏறிய பழக்கத்தில் ஏறினான். வைப்பர் துடைத்தது, துடைத்த இடத்திலும் இருட்டுத்தான் இருந்தது. மணி பார்த்தான். ஆறு நாற்பத்தைந்து. மேலே போகாதே வெளிச்சமே, இன்றைக்கு ஒருநாள் போகாதே என்று வாய்விட்டே சொன்னான். வீட்டை அடைந்துவிட வேண்டும் என்ற பதைப்பில் காலை அழுத்தினான்.

வளைவில் திரும்பினான். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். பக்கத்தில் விளக்கைப் போடும் குச்சியை அவன் தொடவில்லை.

காரின் முன்விளக்குகள் பளீரென்று எரிந்தன. மூன்று அடுக்குக் கறுப்பும் இல்லாத மாதிரி, வெள்ளை வெளேரென்று, இரண்டு தடவை.

அந்த வெளிச்சத்தில் வாண்டு நின்றாள்.

தெருவின் நடுவே, அக்காவின் கருநீல மழைச்சட்டையைப் போர்த்திக்கொண்டு, கேட்டின் தொங்கிய கதவை இரண்டு கைகளாலும் பிடித்தபடி. தாழ்ப்பாளை எடுத்ததும் கதவு சரிவில் தானாக ஓடி அவளையும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தது. வெளிச்சம் பட்டுக் கண் கூச, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரேக்கின் மேல் ஏறி நின்றான். கார் வழுக்கியது, அலறியது, நின்றது. கதவைத் திறந்து விழுந்தடித்து இறங்கியபோது, அவளுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. விளக்குகள் மறுபடி பழுப்பு மங்கலாகியிருந்தன. குனிந்து தடவிப் பார்த்தான். ஃபிலிம் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு குமிழி இல்லை.

"அம்மா ரெண்டு தடவை அடிச்சாங்க" என்றாள் வாண்டு. "நேத்தும் நீ போகலை. பாவம், எத்தனை நாள் வெளியவே நிப்பாங்க? அதான் நான் வந்தேன்."

அவளை அப்படியே தூக்கி அணைத்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"பார்த்தேன்" என்றான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. "அன்னிக்கு நான் பார்த்தேன். மூணு தடவையும் பார்த்தேன். ஒரு குமிழிக்காக உக்காந்திருந்தேன். நான்தான் போகலை."

சத்தம் போட்டு அழுதான். வாண்டு அவன் தலையிலிருந்த மழைநீரைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

வாசலில் நின்ற அக்கா குடையோடு பக்கத்தில் வந்தாள். அதை விரிக்காமலேயே இருவருக்கும் மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை ஃபிலிமை உரித்தான். ஒட்டுவதில் கெட்டிக்காரன் ஒட்டியதல்லவா, லேசில் வரவில்லை. மூன்று அடுக்கையும் நகத்தாலேயே கிள்ளிக் கிள்ளி எடுத்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். தேய்ந்த கீலைக் கழற்றி, ஒரு வாஷரைச் செருகி முடுக்கினான். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டான். பத்து நிமிட வேலை. ஆறு வருடம் தள்ளிப்போட்டது இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் என்று நினைத்தபோது ஸ்பேனரைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அன்று கார் உள்ளேயே நின்றது. ஆறு நாற்பதுக்கு அவன் கேட்டருகே போய் நின்றுகொண்டான். மாடி ஜன்னலில் வாண்டு. வாசற்படியில் அக்கா. பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆறே முக்காலுக்கு வெளிச்சம் வந்தது. கீழிருந்து ஏறி, வளைந்து, அவன் முகத்தில் விழுந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தான். பின்னால் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. இரண்டு தடவை அடித்தது.

தாழ்ப்பாளை எடுத்தான். இரண்டு கதவையும் வெளியே தள்ளி விரியத் திறந்தான். ஓரமாக ஒதுங்கி, ஒரு கார் போகிற அளவு வழிவிட்டு நின்றான். வெளிச்சம் மெல்ல அவனைக் கடந்து உள்ளே போனது. கடக்கும்போது இடது கையில் லேசாகச் சூடு பட்டது, ஓடி வந்த எஞ்சின் பக்கத்தில் போவது போல. போர்ட்டிகோவின் சுவர் முழுக்க வெளுத்தது. நின்ற கார், செருப்புகள், வாண்டுவின் சைக்கிள் எல்லாம் பகல் மாதிரித் தெரிந்தன.

கதவை இழுத்துச் சாத்தினான். முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அவன் கைமேலும் தாழ்ப்பாள்மேலும் விழுந்தது. தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தாழ்ப்பாள் எண்ணெயில் வழுக்கிச் சத்தமே இல்லாமல் குழிக்குள் போய் விழுந்தது.

வெளிச்சம் அணையவில்லை.

அவன் காத்திருந்தான். அதுவும் காத்திருந்தது. எதற்கு என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இத்தனை வருடம் மல்லுக்கட்டிய தாழ்ப்பாள் இன்றைக்குச் சத்தம் போடவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

திரும்பிப் பார்க்காமல், கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தினமும் சொல்கிற குரலில் சொன்னான்.

"போட்டாச்சு."

வெளிச்சம் அணைந்தது.